கொத்தனாரும் நீதிபதியும்

சென்ற மாதம் நம் மன்றத்தில் நடந்த சொற்போர் நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். வளரும் நாடு ஒன்றில் வணிகப் போட்டியைக் காக்க அமைந்த இளம் ஆணையத்துக்குத் தலைமை ஏற்பவர் முதலில் செய்ய வேண்டுவது யாது என்பது அன்றைய கேள்வி. "அஞ்ச வைப்பதே முதற் கடமை" என்னும் அணியில் நான் பேசினேன். பெரிய நிறுவனங்களைப் பிடியுங்கள், பெருந்தொகையை அபராதமாகப் போடுங்கள், மற்றவர் தாமே அடங்குவர் என்று மேசையைத் தட்டி முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது, எங்கள் அணி வென்றது. வென்ற பிறகு விடுதி அறைக்குத் திரும்பி, பேச்சுக்காகத் திரட்டி வைத்திருந்த தீர்ப்புகளை அமைதியாக மறுபடியும் படித்தேன். படிக்கப் படிக்க, அன்று நான் பேசியதில் பாதி தவறு என்று எனக்கே விளங்கிற்று. அதை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் கொத்தனார். அம்பாசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு கட்டிக் கொடுப்பவர். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இன்ன தொகைக்கு வீட்டை முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அஸ்திவாரம் எழும்பிய பிறகு சிமெண்டு விலை ஏறியது. ஒரு கடையில் ஏறினால் அடுத்த கடைக்குப் போகலாம் அல்லவா? அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று ஊர்க் கடைகளுக்கும் போய்ப் பார்த்தார். மூட்டையின் மேலிருந்த பெயர்தான் வேறு, விலை ஒன்று, ஏறிய நாளும் ஒன்று. கடைக்காரர்மீது குற்றமில்லை, மேலேயிருந்து வந்த விலையை அவர் சொன்னார். ஆசிரியரிடம் கூடுதலாகக் கேட்க அப்பாவுக்கு நா எழவில்லை. வீடு முடிந்தது, அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எல்லாப் பயலும் பேசி வச்சுத்தாம்ல ஏத்துதானுவ."

மேடையில் அன்று பேசியவன் பொருளியல் மாணவன் அல்லன். அந்தக் கொத்தனாரின் மகன். அவன் சினம் நியாயமானதுதான். ஆனால், சினத்தை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தை நடத்த முடியுமா? இதுதான் நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி.

வணிகத்தில் போட்டி என்பது என்ன? பத்து வணிகர் நம்மைத் தம் பக்கம் இழுப்பதற்காக விலையைக் குறைப்பதும் தரத்தைக் கூட்டுவதுமே போட்டி. அந்தப் பத்துப் பேரும் ஓர் அறையில் கூடி, "நாளை முதல் விலை இது" என்று தமக்குள் முடிவு செய்துவிட்டால், வெளியே பத்துப் பெயர்ப்பலகைகள் தொங்கும். உள்ளே கல்லாப்பெட்டி ஒன்றுதான். இந்த இரகசியக் கூட்டைக் 'கார்ட்டெல்' என்பர். இத்தகைய கூட்டை உடைப்பது, பெரிய நிறுவனம் தன் பலத்தைத் தகாத முறையில் பயன்படுத்துவதைத் தடுப்பது, நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதால் சந்தை கெடுமா என்று ஆராய்வது ஆகிய மூன்றும் போட்டி ஆணையத்தின் வேலை.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதன்று. 1964-ல் நீதிபதி கே. சி. தாஸ் குப்தா தலைமையில் ஏகபோகங்களை ஆராயக் குழு அமைந்தது. அதன் பின் 1969-ல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. ஆனால், அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த கமிஷனுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. "இனி இப்படிச் செய்யாதே" என்று மட்டுமே அது சொல்லலாம். கடித்த நாயைப் பார்த்து "கடிக்காதே" என்று சொன்ன கதைதான். 1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. எஸ். வி. எஸ். இராகவன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2002-ல் போட்டிச் சட்டம் பிறந்தது. 2003 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையமும் பிறந்தது. இன்று நம் டில்லியிலேயே கித்வாய் நகரில் அதன் அலுவலகம் இருக்கிறது.

பிறந்த குழந்தை உடனே நடந்துவிடவில்லை. தீர்ப்புச் சொல்லும் அமைப்புக்கு நீதித்துறையைச் சேர்ந்தவரல்லவோ தலைவராக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. சட்டத்தைத் திருத்துவதாக அரசு உறுதி கூறியது. 2005-ல் தீர்ப்பு வந்தது. 2007-ல் திருத்தம் வந்தது. மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் ஏற்பட்டது. கார்ட்டெலைத் தண்டிக்கும் அதிகாரம் நடைமுறைக்கு வந்த நாள் 2009 மே 20. ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் ஆணையம் கையில் வாளின்றி இருந்தது. அந்தக் காலத்தில் அது செய்தது என்ன? அலுவலருக்குப் பயிற்சி அளித்தது. சந்தைகளை ஆராயச் செய்தது. சட்டத்தை வணிகருக்கும் அரசுத் துறைகளுக்கும் எடுத்துச் சொன்னது. இவற்றைச் சொற்போரில் நான் "வெட்டி வேலை" என்று கேலி செய்தேன். அக்கேலியை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உழாத நிலத்தில் விதைத்துப் பயனில்லை.

வாள் கைக்கு வந்தது. 2012 ஜூன் மாதம் 11 சிமெண்டு நிறுவனங்களுக்கு ஆணையம் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அப்போது நான் நடுநிலைப் பள்ளி மாணவன். அப்பா தேநீர்க் கடையில் செய்தியைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அந்த வழக்குக்கும் எங்கள் ஊர்க் கடைகளுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை. "கேட்பதற்கும் ஓர் ஆள் இருக்கிறான்" என்ற ஆறுதலே அவருக்குப் போதுமாயிருந்தது.

அதன் பின் நடந்ததை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் யாரும் படித்ததாக நினைவில்லை. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையைத் தள்ளுபடி செய்தது. சிமெண்டு நிறுவனங்கள் குற்றமற்றவை என்று கண்டா தள்ளியது? இல்லை. வாதங்களைக் கேட்ட அமர்வில் இல்லாத தலைவர், இறுதி ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். கேட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது நீதியின் பழைய நெறி. அந்த ஒரு நெறி பிசகியதால் ஆயிரக்கணக்கான கோடிக்குப் போட்ட ஆணை ஒரே நாளில் வெறுந்தாளாயிற்று. ஆணையம் மறுபடியும் விசாரித்து, 2016 ஆகஸ்டில் சுமார் 6,700 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் மேல்முறையீட்டை ஏற்று, அபராதத்தில் 10 விழுக்காட்டைக் கட்டுமாறு பணித்தது. கட்டடத் தொழிலாரின் சங்கம் புகார் கொடுத்தது 2010-ல்! எட்டாண்டு ஓடியும் வழக்கு முடிந்தபாடில்லை.

நண்பர்களே, இதைப் படித்த இரவில்தான் என் மேடை முழக்கம் எனக்கே வெட்கமாயிற்று. அபராதம் எவ்வளவு பெரிது என்பதையே பார்த்தேன். அது நிற்குமா என்று பார்க்கத் தவறினேன். இளம் ஆணையத்தின் தலைவர் இரண்டு தேர்வாளருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் கொத்தனார்: "எனக்காக என்ன செய்தாய்?" என்று கேட்பவர். மற்றவர் நீதிபதி: "எந்த முறையில் செய்தாய்?" என்று கேட்பவர். கொத்தனாரை மட்டும் நினைப்பவரின் ஆணை நீதிமன்றத்தில் விழும். நீதிபதியை மட்டும் நினைப்பவரின் ஆணை அலமாரியில் தூங்கும். இருவரிடமும் தேறுபவரே தலைவர். இதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

நீதிபதியின் கேள்வி எவ்வளவு கடினம் என்பதை அப்பாவின் அனுபவத்தைக் கொண்டே சொல்லலாம். மூன்று கடையிலும் ஒரே விலை என்பது உண்மை. ஆனால், அது மட்டும் குற்றத்துக்குச் சான்றாகுமா? நிலக்கரியும் இரயில் கட்டணமும் ஏறினால் எல்லார் செலவும் ஒருங்கே ஏறும். ஒருவர் விலையை ஏற்ற, பேசி வைக்காமலேயே மற்றவர் அதைப் பார்த்து ஏற்றுவதும் உண்டு. பேசி வைத்தார்கள் என்பதைக் காட்டக் கடிதம் வேண்டும், தொலைபேசிக் குறிப்பு வேண்டும், கூடிய நாளும் இடமும் வேண்டும். அல்லது வேறு எவ்வகையிலும் விளக்க முடியாத சூழ்நிலைகள் அடுக்கடுக்காக வேண்டும். திண்ணையில் சொன்னால் நம்பலாம். தீர்ப்பில் எழுதினால் மெய்ப்பிக்க வேண்டும்.

அப்படி மெய்ப்பிக்க ஏற்ற வழக்கு ஒன்றையும் நம் ஆணையமே நமக்குக் காட்டியிருக்கிறது. அரசுக் கிடங்குகளில் நெல்லையும் கோதுமையையும் பூச்சி அரிக்காமல் காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைப்பார்கள். 2009-ல் இந்திய உணவுக் கழகம் இவற்றுக்கு டெண்டர் கேட்டது. மூன்று நிறுவனங்கள் விலை எழுதின. மூன்றும் எழுதிய விலை கிலோவுக்கு 388 ரூபாய்! வெவ்வேறு ஊரில் தொழிற்சாலை, வெவ்வேறு செலவு, மூடிய உறை. எழுதிய விலை மட்டும் ரூபாய் பிசகாமல் ஒன்று. முந்தைய ஆண்டுகளிலும் இதே கதை. 2012 ஏப்ரலில் ஆணையம் அபராதம் விதித்தது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம், கூட்டு நடந்தது என்ற முடிவை உறுதி செய்தது.

ஆயினும், அபராதத்தை அளந்த கோலை நீதிமன்றம் மாற்றியது. பல பொருள்களை விற்கும் நிறுவனத்தின் மொத்த விற்பனையையும் கணக்கிட்டு அபராதம் போடலாகாது. குற்றம் நடந்த அந்த ஒரு பொருளின் விற்பனையை வைத்தே போட வேண்டும் என்றது. தொகை வெகுவாகக் குறைந்தது. அபராதம் குறைந்ததால் வழக்குத் தோற்றதா? இல்லை. கூட்டுச் சேர்ந்து டெண்டர் எழுதுவது குற்றம் என்பது நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் வாக்காக நிலைபெற்றது. பாராளுமன்றம் 2023-ல் சட்டத்தைத் திருத்தி, உலகெங்கும் உள்ள மொத்த விற்பனையையும் கணக்கில் கொள்ளலாம் என்று கோலை மீண்டும் மாற்றியிருக்கிறது. 2024 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. சிறிய மாத்திரை வழக்கு ஒன்று இவ்வளவு தூரம் சட்டத்தை நடத்திச் சென்றது.

வேறொரு வளரும் நாட்டையும் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்த சில ஆண்டுகளில் போட்டிச் சட்டம் பிறந்தது. 1999-ல் ஆணையம் வேலை தொடங்கியது. அங்கே ஏழையின் அன்றாட உணவு ரொட்டி. 2006 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால், பெரிய ரொட்டி நிறுவனங்கள் ஒருங்கே விலையை ஏற்றித் தள்ளுபடியைக் குறைத்தன. மேற்குக் கேப் பகுதியில் ரொட்டியை வாங்கிக் கொண்டுபோய் விற்கும் சிறு வணிகர்கள் ஆணையத்திடம் முறையிட்டார்கள். ஆணையம் அதைச் சிறிது என்று ஒதுக்கவில்லை. விசாரணை தொடங்கியதும் நிறுவனங்களுள் ஒன்று, பிரீமியர் என்பது, தானே முன்வந்து உண்மையைச் சொல்லிப் பாதுகாப்புப் பெற்றது. டைகர் பிராண்ட்ஸ் என்னும் நிறுவனம் 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 9.9 கோடி ராண்டு கட்டியது. கடைசிவரை மறுத்த பயனீர் நிறுவனத்துக்கு 2010-ல் தீர்ப்பாயம் ஏறத்தாழ 19.6 கோடி ராண்டு அபராதம் விதித்தது. போட்டிச் சட்டம் என்றால் என்ன என்று அந்நாட்டு மக்களுக்கு அதற்குமேல் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தட்டில் இருக்கும் ரொட்டியே பாடம் நடத்திவிட்டது!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அங்கே துப்பறிவது ஆணையம். தீர்ப்பது தனித் தீர்ப்பாயம். இங்கே தலைமை இயக்குநர் என்ற தனி அலுவலர் துப்பறிகிறார், ஆணையம் தீர்க்கிறது. எந்த ஏற்பாடாயினும், வேட்டையாடுபவரும் தராசு பிடிப்பவரும் வேறு வேறு என்பது எதிராளிக்கும் தெரிய வேண்டும். தலைவர் அந்தக் கோட்டைத் தாமே அழித்துவிடக் கூடாது.

இவற்றிலிருந்து தலைவருக்கு நான்கு கடமைகள் உண்டு என்று நினைக்கிறேன்.

முதலாவது, வழக்கைத் தேர்ந்தெடுக்கும் அறிவு. ஆள் குறைவு, பணம் குறைவு. எல்லாப் புகாரையும் ஒரே நாளில் எடுத்தால் ஒன்றும் முடியாது. ரொட்டி, மருந்து, சிமெண்டு, அரசு டெண்டர் என மக்கள் இழப்பைக் கண்ணால் காணக்கூடியவற்றில், சான்று வலிமையாக உள்ளவற்றை முதலில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளேயிருந்து உண்மை வெளிவர வழி செய்வது. கொலை வழக்கில் அப்ரூவர் ஆவது போல, கூட்டில் இருந்தவர் முன்வந்து சொன்னால் அவருக்கு அபராதத்தைக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் இவ்வழி 2009-லேயே திறந்தும், அதன்படி சலுகை பெற்ற முதல் ஆணை 2017 ஜனவரியில்தான் வந்தது. இரயில் பெட்டிகளின் மின்விசிறி டெண்டர் வழக்கு அது. 2018-ல் டார்ச் விளக்குப் பேட்டரி வழக்கில் முதலில் வந்து சொன்ன பானசோனிக் நிறுவனத்துக்கு அபராதம் முழுவதும் தள்ளுபடியாயிற்று. முதல் ஆணை வர ஏன் இவ்வளவு தாமதம்? ஆணையம் சொன்ன சொல்லைக் காக்கும் என்ற நம்பிக்கை முதிர அவ்வளவு காலமாயிற்று என்பதே என் கருத்து. நம்பிக்கையைச் சட்டமியற்றி வாங்க முடியாது. நடத்தையால் ஈட்ட வேண்டும்.

மூன்றாவது, அரசையும் நேர்நின்று பார்க்கும் துணிவு. வளரும் நாட்டில் பெரிய ஏகபோகம் பலவேளை அரசின் கையிலேயே இருக்கும். 2013 டிசம்பரில் கோல் இந்தியா நிறுவனத்துக்கு ஆணையம் 1,773 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நாட்டுடைமையான நிறுவனத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அது உச்ச நீதிமன்றம்வரை வாதாடியது. பொருந்தும் என்று 2023 ஜூனில் தீர்ப்பாயிற்று. தன்னை நியமித்த அரசின் நிறுவனத்தையே கேள்வி கேட்க முடிந்தாலன்றி, தனியார் மட்டும் ஏன் தலைவணங்க வேண்டும்?

நான்காவது, மக்களின் மொழியில் பேசுவது. நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் எழுதிய ஆணை என் தந்தைக்கு எட்டாது. இரண்டு பக்கத்தில் தமிழிலும் ஏனைய மொழிகளிலும் சொன்னால், அடுத்த புகாரை அவரே எழுதிக் கொடுப்பார். சான்று அலுவலகத்தில் பிறப்பதில்லை, கடைத்தெருவில்தான் பிறக்கிறது.

தலைவருக்குக் கடமை சொன்ன நான், அரசுக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 2018-ல் ஆணையத்தின் அளவு தலைவரும் மூன்று உறுப்பினரும் என்று சுருக்கப்பட்டது. ஆணையம் கூட மூவர் வேண்டும். 2022 அக்டோபரில் தலைவர் ஓய்வு பெற்றபோது இருவரே எஞ்சினர். புதிய தலைவர் வந்தது 2023 மே மாதம். இடையில் சில மாதங்கள் ஆணையம் கூடவே முடியவில்லை. பிறகு, வேறு வழியின்மை என்னும் கோட்பாட்டைத் துணைக்கொண்டு நிறுவன இணைப்புகளை மட்டும் பார்த்தது. தலைவர் ஓய்வு பெறும் நாள் முன்னமே தெரிந்ததுதானே? நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டு நாட்டில் போட்டியைக் காப்போம் என்பது, வண்டிக்காரனை இறக்கிவிட்டு மாட்டை ஓடு என்பது போலாகும். இறுதி விசாரணையில் நீதித்துறை உறுப்பினர் இருக்க வேண்டும் என்று 2019-ல் டில்லி உயர் நீதிமன்றம் கூறியதையும் அரசு மறக்கலாகாது.

எதிரணி நண்பர் ஒருவர் கேட்பார்: "சிறியதைத் தொடு, மெல்ல நட என்று நீ சொல்வது பெரியவருக்கு அஞ்சுவதாகாதா?" ஆகாது. 2022 அக்டோபரில் இதே ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு ஆண்டிராய்டு வழக்கில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் நான்கு கட்டளைகளை நீக்கியபோதும் அபராதத்தை உறுதி செய்தது. அது 2009-ல் செய்திருக்கக்கூடிய காரியமா? சிமெண்டில் பட்ட அடியும் மாத்திரையில் கற்ற பாடமும் சேர்ந்தல்லவோ அந்த வலிமையைத் தந்தன! மெல்ல நடப்பது அஞ்சுவதன்று. கால் ஊன்றி நடப்பது.

இன்னொரு நண்பர், "ஏழை நாட்டுக்கு இது எதற்கு? முதலில் தொழில் வளரட்டும்" என்பார். பணக்கார நாட்டில் ஒரு மூட்டைக்கு விலை ஏறினால் ஒருவர் சற்று முகஞ்சுளிப்பார். எங்கள் ஊரில் ஏறினால் ஒரு சங்கிலி அடகுக்குப் போகும். யாருக்கு இச்சட்டம் மிகுதியாக வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

போன வாரம் அப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சுவரு வேகமா ஏறுனா சரியாப் போச்சால? தண்ணி ஊத்திக் காய விடணும்ல, இல்லன்னா வெடிச்சிரும்" என்றார். மேடையில் எங்கள் அணிக்குக் கிடைத்த பரிசை இந்த ஒரு பேச்சுக்காக அவருக்கே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.